குளத்துக்கு வரும் ஓடை பிளாட் ஆகிறது: ஊராட்சியால் என்ன செய்ய முடியும்?

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊராட்சியில் வருஷா வருஷம் மரம் நடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். ஆனால் ஊர்க் குளத்துக்கு வருகிற ஓடையில் பாதியைக் காணோம், மீதி பிளாட் ஆகிக்கொண்டிருக்கிறது. நிலத்தையும் சுற்றுச்சூழலையும் காப்பாற்ற உள்ளாட்சிக்கு நிஜமாகவே அதிகாரம் இருக்கிறதா, இல்லை எல்லாம் பேச்சுக்குத்தானா அண்ணாச்சி?"

அதிகாரம் இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. ஊராட்சித் தலைவர் தன்னிஷ்டத்துக்கு ஜேசிபியைக் கூட்டிக்கொண்டு போய் ஆக்கிரமிப்பை இடிக்க முடியாது. குவாரியை மூட முடியாது. அவரால் முடிந்தது, ஊரில் எது பொது நிலம், எந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதைத் தாளில் ஏற்றி வைப்பதும், அதில் ஒருவன் கை வைக்கும்போது முதல் ஆளாகச் சத்தம் போடுவதும்தான். கேட்க சப்பென்று இருக்கும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் பக்கத்தில் தப்பித்த பொது நிலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் தப்பித்தது. போன நிலமும் முதலில் தாளில்தான் போனது.

முதலில் உங்கள் குளம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் பரப்பு, 100 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் அது நீர்வளத்துறைக் குளம். நேற்றுவரை பொதுப்பணித்துறை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியக் குளம். ஊருணி, குட்டை மாதிரியானவை ஊராட்சியின் பொறுப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால், அது மேசை மேசையாகச் சுற்றிவிட்டு, "மேற்படி குளம் இந்த அலுவலகக் கட்டுப்பாட்டில் வரவில்லை" என்று ஒரு வரியோடு உங்களிடமே திரும்பி வரும்.

உங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் குளங்கள் பெரும்பாலும் தாமிரபரணி அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் மூலம் நிரம்புகிறவை. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று தண்ணீர் வரும் வழி ஊரறிந்தது. அதை மறித்தால் கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் அப்படி இல்லை. மணிமுத்தாறு அணைக் கால்வாயின் மூன்றாவது, நான்காவது பகுதியில் (ரீச்) தண்ணீர் விட்டால் சில குளங்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும். மற்றதெல்லாம் மானாவாரிக் குளம். காட்டில் பெய்த மழை ஓடை ஓடையாகச் சேர்ந்து வந்தால்தான் உண்டு. அந்த ஓடை வருஷத்தில் சில நாள்தான் ஓடும். சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று வருஷம் மழை பொய்த்துவிட்டால், வெளியூரிலிருந்து மனை பார்க்க வருகிறவருக்கு அங்கே ஓடை இருந்ததே தெரியாது. விற்கிறவர் சொல்லவும் மாட்டார்.

2009ல் தொடங்கி 2025ல் திறந்த தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்பு வெள்ளநீர்க் கால்வாய் வந்துவிட்டது, இனிமேல் ஓடையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். கன்னடியன் அணைக்கட்டிலிருந்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் வெட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம்தான். ஆனால் பெரிய கால்வாய் எவ்வளவு கொண்டுவந்தாலும் ஊர்க் குளத்துக்குள் தண்ணீர் இறங்குவதற்கு ஊர் ஓடை வேண்டுமே.

சரி, தாளுக்கு வருவோம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கும். ஒவ்வொரு சர்வே எண்ணும் பட்டாவா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஓடையா, குளமா, மேய்க்காலா, களமா, பாதையா என்று அதில் எழுதியிருக்கும். அரசு இணையதளத்திலும் சர்வே எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். கூடவே புலப்படத்தையும், அதாவது அந்தச் சர்வே எண்ணின் அளவுப் படத்தையும், வாங்கிவிடுங்கள். ஓடை எத்தனை மீட்டர் அகலம், எந்த இடத்தில் வளைகிறது என்பது அதில்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, கரையோரமாக ஒரு நாள் நடந்து பாருங்கள். கூட ஒரு பெரியவரைக் கூட்டிப் போவது நல்லது.

ஒரு ஊரில், பெயர் வேண்டாம், புலப்படத்தில் 11 மீட்டர் அகலம் காட்டிய ஓடை, தரையில் ஒரே தாண்டாகத் தாண்டுகிற அளவுக்கு வந்திருந்தது. எல்லைக் கல்லைத் தேடினோம், காணோம். கடைசியில் பக்கத்துப் பம்புசெட்டில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்தது. புரட்டிப் பார்த்தால் தலையில் வெட்டிய குறி அப்படியே இருக்கிறது, ஓரத்தில் சோப்பு நுரை. கல்லைப் பிடுங்கியவர் மோசமான ஆளில்லை. டிராக்டர் திருப்ப இடைஞ்சலாக இருந்திருக்கிறது, தூக்கிப் போட்டுவிட்டார். அவர் மகன் நிலத்தை விற்றபோது ஓடையையும் சேர்த்துக் காட்டி விற்றார். வாங்கியவர் பிளாட் போட்டார். சர்வேயர் வந்து அளந்து மறுபடி கல் நட்டபோது, மனைப்பிரிவுக்கு இறுதி அனுமதி கிடைத்திருக்கவில்லை. அதனால் ஒரு வரிசை மனையை அழித்துவிட்டு ஓடையை விட்டு வரைபடம் போட்டார்கள். இன்னும் ஆறு மாதம் கழித்துப் போயிருந்தால், மனை வாங்கிய குடும்பங்கள்தான் கோர்ட்டில் நின்றிருக்கும், ஓடை அங்கே இருந்திருக்காது.

மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற இடம்தான் உள்ளாட்சியின் நிஜமான பலம். நகர் ஊரமைப்பு இயக்ககம் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறது, ஆனால் இறுதி உத்தரவு உள்ளாட்சியிலிருந்துதான் போக வேண்டும். அதற்கு முன்னால் சாலைகளையும், பெரிய மனைப்பிரிவு என்றால் பூங்காவுக்கென்று விடவேண்டிய 10 சதவீதப் பொது இடத்தையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சி பெயருக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே உத்தரவு போவதற்கு முன்னால் ஊராட்சி இரண்டு விஷயம் பார்க்கலாம். வரைபடத்தில் ஓடை ஓடையாகக் காட்டப்பட்டிருக்கிறதா, இல்லை "30 அடிச் சாலை" என்று மாறியிருக்கிறதா என்பது ஒன்று. பூங்கா இடம் உருப்படியான இடத்தில் இருக்கிறதா, இல்லை விற்காத மூலையையும் பள்ளத்தையும் தள்ளிவிட்டிருக்கிறார்களா என்பது இன்னொன்று. பாதி ஊராட்சிகளில் இதைப் பார்க்கிறவர் யாரும் கிடையாது. கிளார்க் ஃபைலைக் கொண்டுவருவார், தலைவர் கையெழுத்துப் போடுவார்.

தானமாக வந்த பூங்கா இடத்தை ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, வருவாய்த் துறைக் கணக்கிலும் பெயர் மாற்றி வைக்க வேண்டும். பத்திரம் மட்டும் பீரோவில் இருந்தால் போதாது. மாற்றாமல் விட்டால் பழைய பட்டாதாரர் பெயரே கணக்கில் நிற்கும், பத்து வருஷம் கழித்து அவருடைய வாரிசு அதை இன்னொருவருக்கு விற்றுவிடுவார். பாளையங்கோட்டைப் புறநகரில் வீடு கட்டிக் குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள், பூங்காவுக்கு விட்ட இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிற சின்ன வாய்க்கால்கள்தான் கஷ்டமான கேஸ். அவை அரசு பெயரில் இருக்காது. அங்கே ஊராட்சி செய்யக்கூடியது, தண்ணீர் போய்க்கொண்டிருந்த வழி என்று ஊரார் வாக்குமூலத்தோடு தீர்மானம் எழுதி, மனைப்பிரிவு வரைபடத்தில் அதை விட்டுப் போடும்படி நிபந்தனை வைப்பது. சண்டை வரும். அனுமதி வாங்குவதற்கு முன்னால் வருகிற சண்டையாக இருப்பது நல்லது.

இனி கிராம சபை. இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்றைக்குக் குளத்தைப் பற்றிப் பேசுவது இயல்பாகவே அமையும். ஆனால் "ஓடை ஆக்கிரமிப்புகளை உடனடியாக அகற்ற இச்சபை கேட்டுக்கொள்கிறது" என்று தீர்மானம் போட்டீர்கள் என்றால் அது காகிதத்துக்குத்தான் கேடு. எந்த ஆக்கிரமிப்பு, யார் அகற்ற வேண்டும், ஒன்றுமே அதில் இல்லை. இன்ன கிராமம், இன்ன சர்வே எண், அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு, பரப்பு இவ்வளவு, புலப்படத்தில் அகலம் இவ்வளவு, தற்போது தரையில் இவ்வளவு. வட்டாட்சியர் நில அளவை செய்து எல்லைக் கல் நட்டுத் தர வேண்டும், அதற்கான செலவை ஊராட்சி ஏற்கும் என்று எழுதுங்கள். அப்படி எழுதிய தீர்மானத்தை தாலுகா அலுவலகத்தில் சும்மா ஓரமாக வைத்துவிட முடியாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்குகிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அளந்த பிறகு சட்டம் தன் வழியில் போகும். 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் இன்றைக்கும் வேலை செய்கிறது: முதலில் 7ஆம் பிரிவு நோட்டீஸ், விளக்கம் கேட்டு, பிறகு 6ஆம் பிரிவு நோட்டீஸ், காலி செய்யச் சொல்லி. நீர்வளத்துறைக் குளங்களுக்கு 2007ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அது இதைவிட நேரடியானது. ஊராட்சி ஒன்றியக் குளத்துக்கும் ஓடைக்கும் பழைய சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பொது நிலத்தில் உட்கார்ந்திருப்பவர்களை அப்புறப்படுத்தி அதை ஊரின் பயன்பாட்டுக்குத் திருப்ப வேண்டும் என்று 2011ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. மனுவில் அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

பி மெமோ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புறம்போக்கில் பயிர் வைத்திருப்பவருக்கு வருவாய்த் துறை பி மெமோ போட்டு அபராதம் வாங்கும். அந்த ரசீதை பிளாஸ்டிக் கவரில் போட்டு, "சர்க்கார் எங்களிடம் தீர்வை வாங்குகிறது, நிலம் எங்களுடையதுதான்" என்று காட்டுவார்கள். அது ஆக்கிரமிப்பு செய்ததற்கான தண்டம். அதனால் உரிமை வந்துவிடாது. கிராம சபையில் யாராவது எடுத்துக் காட்டினால் தலைவரும் வாயடைத்துப் போகிறார், அதனால் சொல்கிறேன். அதே நேரத்தில், வேறு போக்கிடம் இல்லாமல் ஓடைக்கரையில் ஒரு செண்ட் குடிசை போட்டிருப்பவரையும், பத்து ஏக்கரை வளைத்துத் தோப்பு போட்டிருப்பவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். குடிசைக்காரருக்கு மாற்று இடம் கேட்டு அதே தீர்மானத்தில் எழுதுங்கள். எப்போதும் முதலில் இடிபடுவது குடிசைதான், தோப்பு அப்படியே நிற்கும். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குளத்துக்குள் வருவோம். வண்டல் எடுப்பதற்கு 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார், கலெக்டர் வரை போக வேண்டியதில்லை. விவசாயிக்கு இலவசம், நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. கரம்பை மண் வயலுக்கும் நல்லது, குளத்துக்கும் நல்லது. ஆனால் விவசாயி பெயரில் பாஸ் வாங்கி, வண்டலைத் தாண்டி அடியில் இருக்கிற சரளைத் தோண்டி ரோடு வேலைக்கு விற்கிறவர்களும் வந்துவிட்டார்கள். குளத்தின் உள்வாயில் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே கிடங்கு தோண்டினால் அதில் நிற்கிற தண்ணீர் வயலுக்குப் பாயாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமாகும். 2023 டிசம்பர் 17, 18ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளக்கரைகள் வரிசையாக உடைந்தன. அந்த மழைக்கு எந்தக் கரையும் தாங்காது என்பது ஒரு பக்கம். மறுகால் ஓடை அடைபட்டுக் கிடந்த குளங்களின் நிலைமை இன்னும் மோசம் என்பது இன்னொரு பக்கம். மேலே வருகிற ஓடையைப் பற்றி மட்டும் பேசுகிறோம், குளம் நிறைந்து வழிகிற மறுகாலை மறந்துவிடுகிறோம். அந்த நிலத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

மீன்பாசி ஏலத்தையும், அதாவது குளத்தில் மீன் பிடிக்கிற உரிமைக்கான ஏலத்தையும், கவனிக்க வேண்டும். ஏலம் எடுத்தவருக்கு மீன் பிடிக்கத் தண்ணீர் வற்ற வேண்டும், விவசாயிக்குப் பிசான நெல் சாகுபடி முடியத் தண்ணீர் நிற்க வேண்டும், பறவைக்குக் கொஞ்சமாவது கிடக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிட்டுக் காலையில் வலை போடுவது நம் ஊர்களில் புதிய கதை இல்லை. மடையின் உயரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது, மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது, இந்த மாதத்துக்கு முன் மடை திறக்கக் கூடாது என்று ஏல நிபந்தனையிலேயே எழுதலாம். ஏலத் தொகை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

பறவை என்றதும் திருப்புடைமருதூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடனா நதி தாமிரபரணியில் சேருகிற இடத்தில் இருக்கிற சின்ன ஊர், நாறும்பூநாதர் கோயில் ஊர். அங்கே உயர்ந்த மரங்களில் பறவைகள் கூடு வைக்கும். ஊர்க்காரர்களே இதைப் பாதுகாக்க வேண்டும் என்று முடிவெடுத்துக் கேட்டதால், 2005 பிப்ரவரியில் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வன உயிரினச் சட்டத்தில் அப்போதுதான் வந்திருந்த பாதுகாப்புக் காப்பகப் (Conservation Reserve) பிரிவின் கீழ் நாட்டிலேயே முதலாவது. பரப்பு எவ்வளவு தெரியுமா? 2.84 ஹெக்டேர். ஏழு ஏக்கர். சட்டப்படி இப்படிப்பட்ட காப்பகத்தை நிர்வகிக்கிற குழுவில் அந்தந்த ஊராட்சியின் பிரதிநிதிக்கு இடம் உண்டு. நிலத்தைப் பாதுகாப்பது என்றால் 895 சதுர கிலோமீட்டர் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் மாதிரி பெரிதாக இருந்தால்தான் என்று நினைக்கிறவர்கள் ஒரு நடை திருப்புடைமருதூர் போய்விட்டு வரலாம்.

உங்கள் பக்கத்திலேயே கூந்தன்குளம் இருக்கிறது. 1994ல் சரணாலயம் ஆனது, 2022ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்தே அந்த ஊர் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்துக் கருவேல மரத்தில் மட்டும் கூடு கட்டுவதில்லை, வீட்டுப் பின்வாசல் வேம்பிலும் கட்டும். முற்றமெல்லாம் எச்சம், மீன் வாடை, விடிய விடியச் சத்தம். அதைச் சகித்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்கள். அதற்கும் மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர்தான் உயிர்நாடி. தண்ணீர் வராத வருஷம் பறவையும் வராது. ஆக ராம்சர் பலகை வைத்தாலும் கடைசியில் கேள்வி கால்வாயில்தான் வந்து நிற்கிறது.

குவாரி விஷயத்தில் உள்ளாட்சியைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கல் குவாரிக்கு அனுமதி கொடுப்பது கனிமவளத் துறையும் மாவட்ட நிர்வாகமும். ஆனால் வெட்டுகிற கல்லுக்கு அரசு வாங்குகிற சீனியரேஜ் கட்டணத்தில் உள்ளாட்சிக்கும் பங்கு உண்டு. ராதாபுரம் பக்கம் சில ஊராட்சிகளுக்கு வருமானமே அதுதான் என்கிற நிலைமை. சோறு போடுகிற கையை எந்தத் தலைவர் கடிப்பார்? 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளத்தில் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்த பிறகுதான் மாவட்டம் முழுக்கக் குவாரிகளை ஆய்வு செய்தார்கள். அதற்கு முன்னால் எத்தனை கிராம சபைகளில் வெடிச் சத்தத்தைப் பற்றியும் வீட்டுச் சுவர் விரிசலைப் பற்றியும் சனங்கள் பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி இடங்களில் ஊராட்சியை நம்பிக்கொண்டிருக்காமல் நேரே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கோ போவதுதான் வழி. 2010ல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து வருஷத்துக்குத் தடை வந்தது, தோழர் நல்லகண்ணு நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடியதால் கிடைத்தது.

திருநெல்வேலி நகரத்துக்கு வந்தால் கதை வேறு. மாநகராட்சிக்கு ஊராட்சியைவிடப் பணமும் ஆளும் உண்டு, ஆனால் தப்பு செய்கிறவர்களின் வரிசையில் அதுவே முன்னால் நிற்கிறது. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டைப் பக்கம் சாக்கடை ஆற்றில் கலக்கிறது என்பது ஊருக்கே தெரியும். பாதாளச் சாக்கடை பகுதி பகுதியாக நீண்டுகொண்டே போகிறது. 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் கட்டப்பட்டது, அரசாங்கமே கட்டியது. பெருமழை பெய்தால் தண்ணீர் பழைய இடத்தைத் தேடி வருகிறது. நல்லது ஒன்றும் சொல்ல வேண்டும் என்றால், குப்பையைத் தரம் பிரித்து வாங்குவதையும், புதன்கிழமை தோறும் பிளாஸ்டிக்கைத் தனியாக வாங்குவதையும் சொல்லலாம். அந்தப் பழக்கத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்தது சின்ன விஷயம் இல்லை. ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்கு கோடையில் தீப்பிடிக்கிறபோது வருகிற புகையைச் சுவாசித்தவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

பாபநாசத்தில் விக்கிரமசிங்கபுரம் நகராட்சி செய்கிற வேலையை யாரும் கவனிப்பதில்லை. பரிகாரம் என்று சொல்லிக் குளித்துவிட்டு, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அது மண்ணில் புதைந்து, மரவேரில் சுற்றி, மீனுக்கும் குளிக்க வருகிறவர்களுக்கும் தொல்லை. நகராட்சி ஆட்கள் தண்ணீரில் இறங்கிக் கம்பி வைத்து அதை இழுத்து எடுக்கிறார்கள். நனைந்த வேட்டி ஒன்றை மண்ணிலிருந்து பிடுங்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். கரையில் தொட்டி வைத்தும் பலகை வைத்தும் பார்த்தாகிவிட்டது. இதில் நகராட்சியைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவை லாரியில் கொண்டுவந்து நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பக்கம் கொட்டிய விவகாரம் நினைவிருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே வந்து அள்ளிக்கொண்டு போனது. அதில் உங்களுக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. கழிவோடு கிடந்த ஆஸ்பத்திரித் தாள்கள்தான் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. ஆகவே ஊர் எல்லையில் யாராவது குப்பை கொட்டினால், உடனே தீ வைத்துவிடாதீர்கள், அள்ளியும் எறியாதீர்கள். போட்டோ எடுத்து, தாள் தகவல்களை வைத்துக்கொண்டு, ஊராட்சி மூலம் போலீஸிலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திலும் எழுத்தில் கொடுங்கள்.

பணம் இல்லை என்ற பதில் நிச்சயம் வரும். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் சுகாதாரம், குடிநீர், மழைநீர் சேகரிப்பு மாதிரியான வேலைகளுக்கு மட்டும்தான் என்று கட்டிப்போட்டே வந்தது. ஓடை தூர் வாருவதற்கு, கரை பலப்படுத்துவதற்கு ஊரக வேலைத் திட்டத்தில் ஆள் கிடைத்தார்கள். ஆக அளக்கவும் கல் நடவும் பணமில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். உண்மையில் இல்லாமல் இருந்தது ஆள்தான்: நம் மாவட்டத்தில் 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுத்த தலைவரே கிடையாது, தனி அலுவலர்தான். ஐந்து வருஷம் கேட்க நாதியில்லாமல் கிடந்தபோது போன ஓடைகள் கொஞ்சமில்லை. உங்கள் ஓடையும் அந்தக் காலத்தில் போனதா என்று பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷவாரியாகப் பார்த்தால் தெரியும். கணினியில் யாரும் பார்க்கலாம், அச்செடுத்து மனுவோடு சேர்க்கலாம்.

மரம் நடுவதைக் கிண்டல் செய்திருக்கிறீர்கள். நானும் செய்வேன், ஆனால் முழுசாக வேண்டாம். குளத்து உள்வாயில் கன்று நட்டுப் போட்டோ எடுப்பது வீண், தண்ணீர் வந்தால் மூழ்கிவிடும். கரையின் வெளிப்பக்கமும் ஓடை எல்லையிலும் பனங்கொட்டை புதைப்பது அப்படி இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு கடிக்காது, கரையை இறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடையின் இரு கரையிலும் வரிசையாகப் பனை நின்றால் அதுவே எல்லைக் கல். கல்லைப் பிடுங்குகிற மாதிரி பனையைப் பிடுங்க முடியாது. வெட்டவும் இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும். அளந்து கல் நட்ட அன்றைக்கே கல்லுக்குக் கல் பனங்கொட்டை போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழுகிற சமயம் தோதானது. சீமைக் கருவேலத்தை வெட்ட ஏலம் விடும்போது வேரோடு எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் விறகு அவர்களுக்கு, அடிமரம் குளத்துக்கு.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: அடுத்த கிராம சபைக்குப் பத்து நாள் முன்னதாகவே தலைவரிடம் எழுத்தில் கொடுத்து, ஓடை அளவையைப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். மனைப்பிரிவு ஃபைல் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கிளார்க்கிடம் கேளுங்கள். சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். தீர்மானம் நிறைவேறினால் நகல் வாங்கி, தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு, வட்டாட்சியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (பி.டி.ஓ.) ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். சர்வேயர் வருகிற அன்று பக்கத்து நிலக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் முன்னிலையில் நட்ட கல்லைப் பிற்பாடு யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.